இடது கன்னத்துத் திட்டு

அந்த வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். மூத்த மகன் மனைவியைப் பெரியவள் என்றும், இளையவன் மனைவியைச் சின்னவள் என்றும் எல்லோரும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். இருவருக்கும் வயதில் ஒன்றரை வருஷம்தான் வித்தியாசம். பெரியவளுக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று வாரம் கழித்துச் சின்னவளுக்குப் பெண் குழந்தை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நர்ஸ். வீட்டுக்கு வந்தபிறகும் ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். மங்கு மட்டும் பெரியவளுக்குத்தான் வந்தது.

கர்ப்பத்தின் ஆறாவது மாதத்தில் மேலுதட்டுக்கு மேலே ஒரு நிழல் விழுந்தது. மீசை முளைக்கிறதா என்று புருஷன் கிண்டல் செய்தான். அப்புறம் அது கன்னத்துக்கு ஏறியது. இரண்டு பக்கமும் காப்பியைச் சிந்தித் துடைக்காமல் விட்ட மாதிரி பழுப்பாகப் பரவியது. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்று சொல்லாத ஆள் இல்லை. பிள்ளை பிறந்தான், கழுத்து நின்றது, கவிழ்ந்தான், தவழ ஆரம்பித்தான். மங்கு மட்டும் வாடகைக் குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மனசில்லாமல் உட்கார்ந்திருந்தது. இடது கன்னத்தில் இருந்ததுதான் பெரிசு. கீழே ஒரு வால், வாலுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி.

இதில் கொடுமை என்னவென்றால், அடுத்தவர் முகத்தில் இருப்பதை அழிப்பதுதான் அவளுக்குத் தொழில். ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னலே இல்லாத இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பரு, தழும்பு, கருவளையம், பல்லில் ஒட்டின கீரை எல்லாம் அவள் கைக்கு முன்னால் நிற்காது. கல்யாண ஆல்பம் வாங்க வருகிறவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்து மயங்கி நிற்பார்கள். ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயரே ‘ரப்பர்’தான். முதலாளி அவளுக்குச் சொல்லியிருந்த சட்டமும் ஒன்றே ஒன்றுதான்.

“இருக்கிறத எடுக்கலாம் ரப்பரு. இல்லாதத வைக்கக் கூடாது.”

யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் படத்தில் மாப்பிள்ளையின் வழுக்கைக்கு முடி வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினபோதுகூட முதலாளி மசியவில்லை. ஒன்பது வருஷத்தில் பெரியவளும் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவைதான் மீறினாள். அந்தக் கதைதான் இது.

பிரசவ லீவு முடிந்து அவள் அரை நாள் வேலைக்குத் திரும்பினாள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. அந்த நேரத்தில் அவள் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் சின்னவள்தான். அவளுக்கு அரசாங்க வேலை, ஒரு வருஷ லீவில் இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டி, துணி மாற்றி, தூங்கவைத்து, ஒரு மணிக்குப் பெரியவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “வாங்கக்கா, இப்பதான் முழிச்சான், உங்களத்தான் தேடுறான்” என்று கையில் கொடுப்பாள். அதற்கு நன்றி இருக்க வேண்டும். பெரியவளுக்கும் இருந்தது. ஆனால் பிள்ளையை வாங்கும்போது அவள் கண் போவது பிள்ளை முகத்துக்கு இல்லை, சின்னவள் முகத்துக்கு. காலையிலிருந்து இரண்டு குழந்தைகளோடு மல்லுக்கட்டின பெண்ணின் முகமா அது? கழுவித் துடைத்த பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். எதைப் போட்டுக் கழுவுகிறாள் என்று பார்த்தால், துணி துவைக்கிற சோப்பு கைக்குக் கிடைத்தால் அதையே போட்டுத் தேய்த்துக்கொண்டு வருகிற ஆள்.

மாமியார் பொல்லாதவள் இல்லை. ஆனால் மனசில் தோன்றுவதை வாயில் நிறுத்தத் தெரியாதவள்.

“சின்னவளப் பாரு, பிள்ள பெத்தவன்னு சொல்ல முடியுமா? உனக்குத்தான் பாவம், பத்து வயசு கூடிப்போச்சு.”

அந்தப் ‘பாவம்’தான் பெரியவளைக் குத்தியது. அன்றைக்கு முழுக்க அவளுக்குக் காதில் புகை வந்தது.

பிள்ளை வேறு தன் பங்குக்குச் செய்தான். பால் குடிக்கும்போது அவன் விரல் நேரே அவள் இடது கன்னத்துக்குத்தான் போகும். அந்தத் திட்டைத் தொட்டுப் பார்ப்பான், நகத்தால் சுரண்டிப் பார்ப்பான், வால் வழியாக இறங்கி இரண்டு புள்ளியையும் தட்டுவான். இத்தனை இடம் இருக்க அங்கேதான் போக வேண்டுமா? அவள் கையை எடுத்துக் கீழே விடுவாள். அது மறுபடி மேலே வரும். “உனக்குமாடா இதுதான் தெரியுது?” என்று ஒரு தடவை அவன் கையைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டாள். அவன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அப்புறம் மறுபடியும் தொட்டான்.

எலுமிச்சம்பழம் தேய்த்தாள், உருளைக்கிழங்கு தேய்த்தாள், தயிரில் எதையோ குழைத்துத் தேய்த்தாள். தேய்த்தால் போகும் என்பது அவள் கைக்கு ஊறிப்போன நம்பிக்கை. எலுமிச்சை சுட்டு, தோல் உரிந்து, திட்டு முன்பைவிடக் கறுத்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“எலுமிச்சம்பழம் யாரு போடச் சொன்னது?”

“எல்லாரும்தான் டாக்டர்.”

“எல்லாரையும் இங்க அனுப்பிவைங்க. ஏம்மா, இது அழுக்கா, தேய்ச்சா போறதுக்கு? தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். நீங்க பால் குடுக்கிறீங்க, வீரியமான மருந்தெல்லாம் இப்ப வேண்டாம். ஒரு களிம்பு எழுதுறேன், ராத்திரி திட்டு மேல மட்டும் லேசா வைங்க. அதவிட முக்கியம் சன்ஸ்கிரீன். தினமும் காலையில, வீட்டுக்குள்ள இருந்தாலும் சரி. வெளிய போனா குடை. மூணு மாசம், ஆறு மாசம்கூட ஆகும். முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா குறையும்.”

சொல்லிக்கொண்டே ஒரு அட்டையை எடுத்தார். அதில் முட்டை வடிவத்தில் ஒரு முகம் அச்சடித்திருந்தது. பேனாவால் அதன்மேல் பெரியவளின் திட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்தார். அடுத்த தடவை வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒத்துப் பார்ப்பதற்காம். இடது கன்னம், வால், இரண்டு புள்ளி. வரைபடம் மாதிரி அச்சாக இருந்தது.

ஆறு மாதம். தன் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை. ஸ்டுடியோவுக்கு நடந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்வதானால், தன் முகம் தெளியட்டும் என்பது அவளுடைய இரண்டாவது ஆசைதான். முதல் ஆசை, பக்கத்தில் நிற்கிறவள் முகமும் கொஞ்சம் கலங்கட்டும் என்பது.

குழந்தைகளுக்கு ஆறு மாதம் ஆனதும் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டாள். பெரியவள் வேலை பார்க்கிற ஸ்டுடியோவிலேயே எடுத்தார்கள். மாமியார் நடுவில், பின்னால் இரண்டு மகன்கள், இரண்டு பக்கமும் மடியில் குழந்தையோடு மருமகள்கள். முதலாளியே கேமராவைப் பிடித்தார். மறுநாள் காலை படம் பெரியவளின் திரைக்கு வந்தது.

பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் தன் முகத்தைச் சரிசெய்தாள். இடது கன்னத்தின் திட்டை அப்படியே வெட்டி எடுத்து ஓரமாக வைத்தாள். கீழே நல்ல தோலை நிரப்பினாள். வலது கன்னம், மேலுதடு, நெற்றி. பத்து நிமிஷத்தில் பிள்ளை பெறுவதற்கு முந்தைய முகம் திரும்பி வந்தது. பார்க்கப் பார்க்க ஆறவில்லை.

அப்புறம் சின்னவள் முகத்துக்கு வந்தாள். ஒரு வேலையும் இல்லை. துடைக்க ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்பது வருஷத்தில் அவள் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களில் கை வைக்கத் தேவையே இல்லாத முகம் அது ஒன்றுதான். அது தன் வீட்டிலேயே, தன் பிள்ளையையே மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? அவளுக்கு வயிறு எரிந்தது.

வெட்டி எடுத்த திட்டு ஓரத்தில் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டுபோய்ச் சின்னவளின் இடது கன்னத்தில் வைத்தாள். சும்மா விளையாட்டுக்குத்தான். அழுத்தமாகத் தெரிந்தது. லேசாக்கினாள். இன்னும் லேசாக்கினாள். ஓரங்களைத் தோலோடு கரைத்தாள். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்ததும் கையை நிறுத்தினாள். புதிதாக ஒன்று வரைந்திருக்கலாம், அவளால் முடியும். ஆனால் கையோடு கிடந்ததை எடுத்து ஒட்டிவிட்டாள். அந்தச் சோம்பல்தான் பின்னால் வினையானது.

“முடிஞ்சுதாம்மா?” என்று வெளியிலிருந்து முதலாளி கேட்டார்.

“முடிஞ்சுது சார்” என்று பிரிண்டுக்கு அனுப்பினாள்.

படம் சட்டம் போட்டு ஹாலில் மாட்டப்பட்டது. கூட்டம் கூடிப் பார்த்தது. மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள்.

“பெரியவ பளிச்சுன்னு இருக்கா. ஏன்டி சின்னவளே, உனக்கும் ஆரம்பிச்சுடுச்சு போலிருக்கே. கன்னத்தப் பாரு.”

சின்னவள் வந்து பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். “கண்ணாடியில ஒண்ணும் தெரியலயேக்கா?”

“கண்ணாடியில தெரியாது. கேமராவுக்குத்தான் முதல்ல தெரியும். கேமரா பொய் சொல்லாதும்மா” என்றாள் பெரியவள், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

அன்றையிலிருந்து சின்னவள் ஜன்னல் பக்கத்தில் கைக்கண்ணாடியோடு நிற்க ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். மாடியில் துணி காயப்போட வெயிலில் போகத் தயங்கினாள். “இது வளர்ந்துட்டே போகுமாக்கா?” என்று கேட்டாள். பெரியவளின் சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டாள். பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். வேடிக்கை என்னவென்றால், அந்த நிம்மதியில் களிம்பும் ஒழுங்காக வைத்தாள், குடையும் மறக்காமல் பிடித்தாள். திட்டு கொஞ்சம் வெளுத்தது.

அவள் மறுபடி டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தபோது, “நானும் வரேன்க்கா, வளர்றதுக்கு முன்னாடியே காட்டிடலாம்” என்று சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பெரியவள் என்னென்னமோ சொல்லிப் பார்த்தாள். டாக்டருக்கு நேரம் இருக்காது என்றாள், குழந்தைகள் அழும் என்றாள். மாமியார் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா முதலில் பெரியவளைப் பார்த்தார். அட்டையை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தார். “பரவாயில்லையே, குறைஞ்சிருக்கே. இப்படியே விடாம பண்ணுங்க” என்றார். அப்புறம் சின்னவள் முகத்தில் விளக்கை அடித்தார். திருப்பினார், நிமிர்த்தினார்.

“உங்களுக்கு என்ன?”

“மங்கு ஆரம்பிச்சிருக்கு டாக்டர்.”

“எங்க?”

“இடது கன்னத்துல.”

“ஒண்ணுமே இல்லையேம்மா. அருமையா இருக்கு தோல்.”

“கண்ணுக்குத் தெரியாது டாக்டர், போட்டோவுலதான் தெரியுது. இதோ பாருங்க” என்று சின்னவள் போனை எடுத்து நீட்டினாள். ஹாலில் மாட்டியிருந்த படத்தை அவள் போனில் வைத்திருந்தாள்.

டாக்டரம்மா இரண்டு விரலால் பெரிதாக்கினார். பெரியவள் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  டாக்டரம்மா போனைப் பார்த்தார், மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார். போனை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வால். இரண்டு புள்ளி.

“இந்தப் படத்த யாரு ரெடி பண்ணது?”

“எங்க அக்காதான். அவங்க அதுல கெட்டிக்காரி” என்று பெருமையாகச் சொன்னாள் சின்னவள்.

டாக்டரம்மா பெரியவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.  டாக்டரம்மா போனைச் சின்னவளிடம் திருப்பிக் கொடுத்தார். “உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. தைரியமா போங்க. இந்தப் போட்டோவ மட்டும் நம்பாதீங்க.”

சின்னவள் பேச்சுக்காரிதான், ஆனால் மண்டு இல்லை. போனை வாங்கும்போது அவள் கண் அட்டைமேல் விழுந்தது. அப்புறம் போனில். அப்புறம் அக்காவின் இடது கன்னத்தில். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்கள். சின்னவள் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதுமாக வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பெரியவளுக்கு. தெரு முனையில் இறங்கி நடக்கும்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள்.

“நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?”

“நீ ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம்?”

ஒன்றும் பண்ணாமலே இப்படி இருக்கிறாயே, அதுதான் என்று சொல்ல முடியுமா? பெரியவள் குடையை மடக்கி விரித்தாள். “படத்த கழட்டிடறேன். இன்னிக்கே கழட்டிடறேன்.”

“வேணாம். இருக்கட்டும். எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்க. நீங்களும் தினம் பாருங்க.”

சின்னவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதிலும் ஒரு குறை வைக்கவில்லை. ஒரு மணிக்கு வாசலுக்கு வந்து கையில் கொடுத்தாள். ஆனால் ‘அக்கா’ நின்றுபோயிற்று. ‘வாங்க’, ‘தூங்குறான்’, ‘சாப்பிட்டாச்சு’ என்று அளந்துதான் பேசினாள். பெரியவள் தினமும் அந்தப் படத்துக்குக் கீழேதான் பிள்ளையை வாங்க வேண்டியிருந்தது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். இரண்டு முறையும் சின்னவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பிள்ளைக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. கேட்டதைக் காட்டுகிற வயது. விளக்கு எங்கே என்றால் விளக்கைக் காட்டுவான், காக்கா எங்கே என்றால் ஜன்னலைக் காட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். பெரியவளின் புருஷன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு படத்துக்கு நேரே நின்றான்.

“அப்பா எங்கடா?”

பின்வரிசையில் சரியாகக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

“அம்மா எங்க? காட்டு.”

பிள்ளை எட்டிப் பார்த்தான். படத்தில் பளிச்சென்று உட்கார்ந்திருந்த பெரியவளைத் தாண்டிப் போனது அவன் கண். சின்னவள் முகத்தில் போய் நின்றது. விரலை நீட்டி அவள் இடது கன்னத்தில் வைத்தான். அந்த லேசான திட்டைச் சுரண்டினான், வால் வழியாக இறங்கினான், இரண்டு புள்ளியையும் தட்டினான்.

“ம்மா” என்றான்.

வீடே சிரித்தது. “பகல்ல அவதானே பாத்துக்கறா, அவன் கணக்குல அவதான் அம்மா” என்றாள் மாமியார். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். பிள்ளை எதைத் தொட்டான் என்று அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். மாமியார் சொன்னது இல்லை அது. அவனுக்கு அடையாளம் அந்தத் திட்டு. இருட்டிலும் வெளிச்சத்திலும் பதினோரு மாதமாகத் தடவித் தடவி அவன் தெரிந்துவைத்திருந்த அம்மா அது. அவள் கையைத் தள்ளித் தள்ளிவிட்டும் திரும்பி வந்து தொட்ட இடம். அதை வெட்டி எடுத்து அடுத்தவள் முகத்தில் ஒட்டியது அவளேதான். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

சின்னவள் பின்னாலேயே வந்தாள்.  குழாயை மூடினாள்.

“நாளைக்கு அத மாத்திட்டு வாங்கக்கா. எனக்காக இல்ல.”

மறுநாள் காலை பெரியவள் பின்னறையில் அந்தப் படத்தைத் திறந்தாள். அசல் இருக்கிறதா என்று தேடினாள். படம் மாட்டின வாரமே, யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவளே அழித்திருந்தாள். இருந்தது இது ஒன்றுதான். சின்னவள் கன்னத்திலிருந்த திட்டை வெட்டி எடுத்தாள். அந்த இடம் தானாகவே சுத்தமாகிவிட்டது, பெரிய வேலை இல்லை. எடுத்ததைத் தன் கன்னத்துக்குக் கொண்டுவந்தாள். லேசாகப் போனதை மறுபடி அழுத்தமாக்கினாள். மற்ற திட்டுகளுக்கு மாதிரி இல்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சாய்த்து வைத்துக்கொண்டு, தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மருந்தில் வெளுத்துப்போனதை நினைவிலிருந்து வரைந்தாள். மங்கு வந்ததிலிருந்து அவள் தன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

டீ குடிக்க உள்ளே வந்த முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். “என்ன ரப்பரு, அழிக்கிற ஆளு இன்னிக்கு வரைஞ்சுட்டு இருக்கே?”

“இருந்ததுதான் சார்” என்றாள்.

புதுப் பிரிண்ட் சட்டத்துக்குள் போய் ஹாலில் ஏறியது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். “என்னடி, பழசுல நல்லாத்தானே இருந்தே? இதுல சின்னவதான் அழகா இருக்கா.” சின்னவள் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த நிமிஷமும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் அப்போது படத்தைப் பார்க்கவில்லை. புருஷன் தோளில் இருந்த பிள்ளையின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா எங்கடா?” என்று புருஷன் கேட்டான்.

பிள்ளை படத்தைப் பார்த்தான். சின்னவளைப் பார்த்தான், பெரியவளைப் பார்த்தான். எட்டி, படத்தில் பெரியவளின் இடது கன்னத்தில் வால் பக்கமாகக் கையை வைத்துத் தட்டினான்.

 “இன்னொரு தடவ கேளுங்க” என்றாள் பெரியவள்.